கையோடு வார்த்த விளக்கு

ரெஜினா டீச்சர் வீட்டு மாடிக்கு மரகதம் ஏறி வந்தபோது ஒரு அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். உள்ளே ஒரு பொம்மை. விளக்கேந்தி நிற்கும் சிறுமி.

திண்டுக்கல்லில் அந்த மாடியில்தான் ரெஜினா கார்ட்டூன் படங்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தார். மரகதம் அவரிடம் கற்றவள். வயதில் மூத்தவள் மரகதம்தான். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள்.

மரகதம் டிவிக்கு எழுதிய அனிமே கார்ட்டூன் தொடரில் நாயகி அல்லி. பனிமூட்டத்துக்குள் காணாமல் போன தம்பியை விளக்கோடு தேடி நடப்பவள். பத்து வருஷத்துக்கும் மேலாக நடக்கிறாள். முன்பு பிள்ளைகள் அழுது அடம்பிடித்து அல்லி பொம்மை வாங்கினார்கள். பெரியவர்கள் வாங்கி அலமாரியில் சேர்த்து வைத்தார்கள். இப்போது தொடரைப் பார்க்க ஆளில்லை. இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று டிவிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"உக்காருங்கக்கா. முகமே சரியில்லையே."

"தூக்கமே இல்ல டீச்சர். கண்ணை மூடினா குடோன்தான் தெரியுது. விக்காத பெட்டி கூரை வரைக்கும் நிக்குது. மழைத்தண்ணி இறங்கியிருக்குமோ, எலி கடிச்சிருக்குமோன்னு மனசு அடிச்சுக்குது."

"எலியாவது பிரிச்சுப் பாக்கட்டும்."

மரகதம் சிரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். அல்லி நிலைச்சு நிக்கணும். நான் போனதுக்கு அப்புறமும் அவளை நாலு பேரு நினைக்கணும். அதுக்கு நான் என்ன செய்யணும்?"

ரெஜினா கை நீட்டினார். பெட்டியை வாங்கி, மேலே ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை நகத்தால் கீறினார்.

"ஐயோ, பிரிக்காதீங்க டீச்சர்."

"ஏன்?"

"பிரிச்சா மதிப்பு போயிடும். சேர்த்து வைக்கிறவங்க யாரும் பிரிக்க மாட்டாங்க. முதல் முதலா வார்த்த பொம்மை அது. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

கண்ணாடித்தாள் கிழிந்தது. ரெஜினா பொம்மையை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். விளக்கை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"அல்லியை இதைக் கீழே வைக்கச் சொல்லுங்கக்கா."

"வராது டீச்சர். கையோட சேர்த்து வார்த்தது."

"தம்பி கிடைச்சா எந்தக் கையால தூக்குவா?"

மரகதம் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடர் தொடங்கும் முன்பே கதையின் முடிவை அவள் இதே மேஜையில்தான் எழுதினாள். அல்லி தம்பியைக் கண்டதும் விளக்கைப் போட்டுவிடுகிறாள். அது உடைந்து அணைந்துபோகிறது. இருட்டில் இரண்டு கையாலும் அவனைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். எழுதிவிட்டு மரகதம் அழுதாள். ரெஜினாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்த முடிவு எப்ப வந்திருக்கணும்?"

"முதல் வருஷக் கடைசியில."

"வரலையே."

"பொம்மை நல்லா போச்சு டீச்சர். கடையில போய் விளக்குப் பொண்ணு இருக்கான்னுதான் கேட்டாங்க. விளக்கு உடைஞ்சுட்டா அப்புறம் எதை விக்கிறது? அச்சு வேற வெட்டியாச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டேன்."

"அடுத்த வருஷம்?"

"சிவப்புப் பாவாடை கட்டிவிட்டோம்."

"அதுக்கு அடுத்து?"

"விளக்குக்குள்ள நிஜ பல்பு வச்சோம்."

"தம்பி என்ன ஆனான்?"

"அவன் குரல் மட்டும் வரும். பனிக்குள்ள இருந்து, அக்கான்னு."

ரெஜினா தலையசைத்தார்.

"எனக்குத் தெரியும். எங்க வீட்டுலயும் பாத்தாங்க. என் பொண்ணு அவ தம்பியை மடியில வச்சுக்குவா. அந்தக் குரல் கேட்டா அவன் அவ கவுனை இழுத்து மூஞ்சியை மூடிக்குவான். மூடிக்கிட்டே கேப்பான், கிடைச்சுட்டானா, கிடைச்சுட்டானான்னு."

"அவ என்ன சொல்லுவா?"

"அடுத்த வாரம் கிடைச்சுடுவான்டா, தூங்குன்னு."

மரகதம் பொம்மையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். தாள் கிழிந்ததால் மூடி நிற்கவில்லை. அழுத்தினாள், மறுபடி எழும்பியது. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு பொம்மையை வெளியே எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருக்கு. கடைசி வாரம். அந்த முடிவையே போட்டுடறேன். விளக்கு உடைஞ்சா உடையட்டும், குடோன் பொம்மையை எடைக்குப் போட்டாலும் பரவாயில்ல. தம்பி கிடைச்சுட்டான்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போனவங்க திரும்பி வருவாங்கல்ல?"

ரெஜினா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்க பையனைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுவீங்கல்ல டீச்சர்? அத்தனை தடவை கேட்டானே."

"சொல்றேன்க்கா. காலையில ஷேவ் பண்ணிட்டு காலேஜுக்குக் கிளம்புவான். அப்ப சொல்றேன்."