அடித்துணி

அருளானந்துக்கு அறுபத்தெட்டு வயது. மலையூரான பண்ணைக்காட்டில் தையல் கடை வைத்து நாற்பது வருஷம் கோட்டும் சட்டையும் தைத்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்ட மாஸ்டர், முப்பது வயதுப் பவளக்கொடியின் வாசலில் போய் நின்றார். பழைய துணித் துண்டுகளைக் கையாலேயே இணைத்து ஒட்டுப் போர்வை தைப்பவள் அவள்.

“எனக்கும் கத்துக்குடு தாயி.”

“மிஷின்ல விளையாடுற ஆளு நீங்க. இது எதுக்கு மாஸ்டர்?”

“என் வீட்டுக்காரிக்கு. மறதி முத்திப்போச்சு. என்னையே யாருன்னு கேக்குறா. எந்தக் கம்பளியைப் போத்தினாலும் உதறிடுறா. போன மார்கழியில நெஞ்சுச் சளி வந்து பொழைச்சதே பெரிசு. இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவளோட பழைய சேலையில தைச்சா உதறமாட்டாளோன்னு ஒரு நப்பாசை.”

பவளக்கொடி அவர் வீட்டுக்கு வந்தாள். செசிலியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து தன் முந்தானை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பவளக்கொடி அந்த விரல்களைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். மாஸ்டர் எடுத்து வைத்த சேலைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“நாளைக்கு ஊசியும் நூலும் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன பார்த்தாள், எதற்குப் பார்த்தாள் என்று மாஸ்டருக்கு விளங்கவில்லை.

மாஸ்டர் கை சும்மா இருக்குமா? சேலைகளை ஒரே அளவில் வெட்டி, இஸ்திரி போட்டு, குளிருக்குக் கனமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு துண்டையும் மூன்று மடிப்பாக வைத்து, பத்தே நாளில் இணைத்துவிட்டார். பிசிறும் முடிச்சும் ஒன்றுகூட முன்னால் தெரியாது. எல்லாம் பின்பக்கம். அதையும் வழவழப்பான அடித்துணி கொடுத்து மூடி, பெருமையாகக் கொண்டுபோய் விரித்தார்.

பவளக்கொடி கத்தரிக்கோலை எடுத்தாள். அடித்துணியைச் சுற்றிலும் பிரித்து உருவிப் போட்டாள்.

“ஐயையோ! தையல் கோணலா?”

“இல்ல. நேரா இருக்கு.”

“துணி மட்டமா?”

“நல்ல துணிதான்.”

“பின்னே?”

“அடித்துணி வேண்டாம்.”

சோதிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இன்னும் நல்ல துணியாக வாங்கி, இன்னும் பொடித் தையலாகப் போட்டுக் கொண்டுவந்தார். அதையும் பிரித்தாள். மூன்றாவது தடவை மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அடித்துணி இல்லாம போர்வை உண்டா? பிசிறெல்லாம் பல்லைக் காட்டுது. பாக்கிறவன் சிரிப்பான்!”

“சிரிக்கட்டும்.”

மார்கழி பிறந்தது. ஒருநாள் விடிந்ததும் மாஸ்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் புதிதாக வெட்டிய நாலாவது அடித்துணி.

“அவ இருமுறா தாயி. எனக்குப் பயமா இருக்கு. நீ குருன்னு நம்பி வந்தேன். நீ என்னடான்னா தைச்சதைப் பிரிச்சு வேடிக்கை பாக்குறே.”

பவளக்கொடி, தன்னிடம் இருந்த அடித்துணி இல்லாத அந்தப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள்.

மாஸ்டர் அதை வாங்கி, நல்ல பக்கம் மேலே வரும்படி அழகாக விரித்து மனைவிக்குப் போர்த்தினார். செசிலியம்மாள் இரண்டு தடவை தடவினாள். உதறினாள். போர்வை தரையில் விழுந்தது.

“போச்சு. இதுவும் போச்சு.” என்றார் மாஸ்டர்.

பவளக்கொடி குனிந்து எடுத்தாள். திருப்பினாள். பிசிறும் முடிச்சும் மேலே தெரிய, அப்படியே போர்த்திவிட்டாள்.

செசிலியம்மாளின் விரல் ஒரு பிசிறில் பட்டு நின்றது. அதை உள்ளே மடித்தது. நகத்தால் அழுத்திவிட்டது. அப்படியே தையலோடு நகர்ந்து அடுத்த முடிச்சுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் போர்வையை நெஞ்சு வரை இழுத்து வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“தாயி, மாத்திப் போத்திட்டே. அது உள்பக்கம்.”

“உங்க கடையில ஓரம் மடிக்கிற ஹெம்மிங், பட்டன் காஜா, பிசிறு வெட்டுறது எல்லாம் யார் மாஸ்டர் பண்ணது?”

“அவதான். முப்பத்தாறு வருஷமா.”

“அப்போ அவங்க மடியில கிடந்தது எந்தப் பக்கம்?”

மாஸ்டர் புது அடித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டார்.