கருவூலத்தாரின் கடைவாய்ப் பல்

அந்தக் காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதற்கு மகுடசேனன் என்று ஒரு ராஜா. காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டுக் கை கழுவியதும் வேறொன்று சொல்வான். இரண்டுக்கும் சபை தலையாட்டும்.

அவன் அப்பா ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போயிருந்தார். வைத்தியம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அரண்மனையே சோறும் துணியும் கொடுக்கும். சுவடி படித்து முடித்தபின்னும் அவர்கள் வைத்தியசாலையிலேயே தங்கி, பெரிய வைத்தியர்களின் பக்கத்தில் நின்று, கட்டி கீறவும் எலும்பு கூட்டவும் பிரசவம் பார்க்கவும் கை பழக வேண்டும். அந்த வருஷங்களுக்கும் அரண்மனைதான் படி அளந்தது. சாலைக்குத் தலைவர் சிவக்கொழுந்து வைத்தியர்.

கருவூலத் தலைவர் அனந்தமூர்த்திக்கு அவரைக் கண்டால் ஆகாது. ராஜா நாடி பார்க்க நம்பிக் கையை நீட்டுவது வைத்தியரிடம் மட்டும்தானே என்ற எரிச்சல். ராஜாவுக்கு வசந்த மண்டபம் கட்ட ஆசை வந்தபோது அனந்தமூர்த்தி சமயம் பார்த்துச் சொன்னார்: "படித்து முடித்தவனுக்கு எதற்கு மகாராஜா தண்டச்சோறு? சுவடிப் பாட்டு மனப்பாடம் ஆனால் அவன் வைத்தியன்தான். அந்தப் பணத்தில் பளிங்குத் தூணே நிறுத்தலாம்."

"சாலையில் கை பழகாதவன் நோயாளியைக் கொன்றுதான் பழகுவான், மகாராஜா" என்றார் சிவக்கொழுந்து.

"நன்றாகப் பேசுகிறீர், வைத்தியரே!" என்று ராஜா சிரித்தான். சிரித்துக்கொண்டே படியை நிறுத்தினான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். எல்லாரிலும் கை தேர்ந்த மாசிலாமணி வயிற்றுப்பாட்டுக்குச் செக்கில் எண்ணெய் ஆட்டப் போனான். பாட்டு மட்டும் படித்த தில்லைநாயகம் ஊர் வைத்தியனாக நியமனம் ஆனான். அவன் அனந்தமூர்த்தியின் அக்கா மகன்.

சிவக்கொழுந்தின் மகள் செங்கமலத்துக்கு வலி கண்ட அன்று ராஜாவுக்கு விக்கல். "வைத்தியர் என் பக்கத்தை விட்டு நகரக் கூடாது!" அனந்தமூர்த்தி அனுப்பி, பிரசவத்துக்குத் தில்லைநாயகம் போனான். குழந்தை குறுக்கே கிடந்தது. விக்கல் நின்று வைத்தியர் வீட்டுக்கு ஓடியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. "பாட்டெல்லாம் ஞாபகம் வந்தது ஐயா, கைதான் வரவில்லை" என்று வாசலில் உட்கார்ந்து அழுதான் தில்லைநாயகம். அன்றிலிருந்து வைத்தியரின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன.

அடுத்த கோடையில் ராஜாவின் முதுகில் பிளவைக் கட்டி எழும்பியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

"கீறியாக வேண்டும். என் கையோ நடுங்குகிறது" என்றார் சிவக்கொழுந்து.

"என் மருமகன் இருக்கிறானே!" என்று அனந்தமூர்த்தி முந்திக்கொண்டார். தில்லைநாயகம் வந்தான், கட்டிகளின் வகையை எல்லாம் பாட்டாகவே பாடினான். ராஜா பூரித்துப்போனான்.

"மெத்தச் சரி" என்றார் வைத்தியர். "ராஜாவின் முதுகில் கத்தி படுமுன் ஒரு ஒத்திகை பார்க்கலாமே. கருவூலத்தார் சில நாளாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சபைக்கு வருகிறார். அந்தக் கடைவாய்ப் பல்லை மருமகனே பிடுங்கட்டும்."

பல் பிடுங்கும் குறடு வந்ததும் அனந்தமூர்த்தி பின்வாங்கினார். "இவனா? இவன் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கியதில்லையே! என் தாடையே போய்விடும்!"

"உங்கள் பல்லுக்கு ஆகாத கை ராஜாவின் முதுகுக்கு ஆகுமா?" என்றார் வைத்தியர். பிறகு குரல் இறங்கியது. "என் மகளுக்கு ஆகும் என்றுதானே அனுப்பினீர்கள்."

தில்லைநாயகம் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாது, மகாராஜா. யாரும் கற்றுத்தரவில்லை" என்றான்.

செக்கடிக்குப் பல்லக்குப் போனது. மாசிலாமணி எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டியைக் கீறினான். ராஜா பிழைத்தான்.

எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கருவூலச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "உம்முடைய பல்லை உம் மருமகன்தான் எடுக்க வேண்டும், அனந்தமூர்த்தி. அதுவும் அவன் சாலையில் கை பழகி முடித்த பிறகு. அதுவரை யாரும் தொடக் கூடாது!" பிள்ளைகளுக்குப் படியும் திரும்ப வந்தது.

"ஊருக்கு ஊர் வைத்தியர்கள் எப்போது வருவார்கள், சிவக்கொழுந்தரே?"

"எட்டு வருஷம் ஆகும்."

"பொக்கிஷம் முழுவதையும் கொட்டினால்?"

"மண்டபம் என்றால் ஆள் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாம். இது முடியாது, மகாராஜா."

"அதுவரை?"

"உங்களுக்கு மாசிலாமணி இருக்கிறான். மற்றவர்கள் எட்டு வருஷம் நோய் வராமல் இருந்துகொள்ள வேண்டியதுதான்."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். சபையும் சிரித்தது. "இதல்லவோ பேச்சு!" என்று ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி, சிரிக்காமல் நின்ற வைத்தியரின் கழுத்தில் போட்டான்.