மின்னல் ரதத்தில் தொட்டிலுக்கு இடம்

மருதவனத்து ராஜா செம்பொன்னருக்கு இரண்டு பேர் மேல் கொள்ளைப் பிரியம். ஒருத்தி ராணி வேதநாயகி. இன்னொன்று மின்னல். மின்னல் என்றால் குதிரை என்று நினைத்துவிடாதீர்கள், அது ரதம். கதவும் கூரையும் வைத்து, ஒல்லியாக, பளபளவென்று இருக்கும். பக்கத்து நாட்டு ராஜாக்களோடு பந்தயம் விட்டு ஜெயித்த ரதம். மனுஷர் தினமும் காலையில் அதைத் தன் அங்கவஸ்திரத்தாலேயே துடைப்பார் என்றால் பாருங்களேன்.

ராணி முழுகாமல் இருந்தாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான தேன்மலைக்குப் போகவேண்டும். ஒத்திகை பார்ப்போம் என்று ராஜா அவளை மின்னலில் ஏற்றினார். ஏறியதுதான் தாமதம், அவள் முகம் மாறிவிட்டது.

"இதில் என்னால் காலைக்கூட மடக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பிள்ளையை எங்கே வைப்பது, கூரை மேலா?"

"கைக்குழந்தை ஒரு முழம்தானே இருக்கும்? அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?"

"பெற்றுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். அகலமான வண்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை தன் காலால் நடந்து வரும்வரை நான் அம்மா வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்."

பிள்ளை முகத்தைப் பார்க்காமல் ராஜாவால் இருக்க முடியுமா? ஆனால் அகலமான வண்டியில் போவதா? நெல் மூட்டை ஏற்றிப் போகிறவன் என்று ஊர் சிரிக்காதா? சபையில் புலம்பித் தீர்த்தார்.

தேர்ச்சாலை அதிகாரி நாகப்பர் எழுந்தார். அவருக்கு விகடகவி குழைக்காதனைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா, ரதம் வெளியே ஒரு விரற்கடைகூட மாறக்கூடாது. உள்ளே மட்டும் பெரிதாக வேண்டும். அவ்வளவுதானே? குழைக்காதனிடம் விடுங்கள். அவனுக்கா தெரியாது?" என்றார்.

"நல்ல யோசனை" என்றார் ராஜா. "குழைக்காதா, வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிடு. முடியாவிட்டால் இந்தச் சபையில் உனக்கு வேலை இல்லை."

குழைக்காதன் தலையைச் சொறிந்தான். "செய்கிறேன், மகாராஜா. ஆனால் உள்ளேயிருந்து நான் எதை எடுத்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது."

"வாக்குக் கொடுத்தேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. ராணியின் கை நிறைய வளையல். அரண்மனை முழுக்கப் புளியோதரை வாசனை. தேன்மலையிலிருந்து ராஜாவின் மாமியார் பரிவாரத்தோடு வந்திருந்தார். வாசலில் மின்னல் நின்றது. நாகப்பர் நூல் பிடித்து முன்னும் பின்னும் அளந்தார். எங்கேயும் ஒரு விரற்கடை கூடவில்லை. 'ஒழிந்தான் பயல்' என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே மெத்தை விரித்திருந்தது. மேலே தொட்டில் தொங்கியது. ஓரத்தில் மருத்துவச்சி உட்கார இடம், பக்கத்தில் மருந்துப் பெட்டி. ராணி ஏறிக் காலை நீட்டிச் சாய்ந்தாள். "அப்பாடா, இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"சபாஷ் குழைக்காதா. என்ன மாயம் செய்தாய்?" என்று கேட்டுக்கொண்டே ராஜா படியில் கால் வைத்தார். வைத்த கால் அங்கேயே நின்றது. "என் ஆசனம் எங்கே?"

"எடுத்துவிட்டேன், மகாராஜா. கூடவே உங்கள் வாள் மாட்டும் சட்டம், கேடயம், ஆள் உயரக் கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, எச்சில் படிக்கம், பந்தயத்தில் ஜெயித்த கோப்பைகள் எல்லாவற்றையும் எடுத்தேன். இடம் தானாக வந்துவிட்டது."

"அப்படியானால் நான் எங்கே உட்காருவது?"

"நீங்கள் எதற்கு? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போவார்கள். மாப்பிள்ளை வாசலோடு நின்றுகொள்வார். அதுதானே வழக்கம்?"

மின்னலில் தேன்மலைக்குள் ஜம்மென்று நுழையவேண்டும் என்ற நினைப்பில் ராஜா இந்த வழக்கத்தையே மறந்துபோயிருந்தார். மாமியாரைப் பார்த்தார். "அவர் சொல்வது சரிதான், மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மாள் சாவகாசமாக.

ராஜா அசடு வழிந்தார். "போகும்போது வேண்டாம். அழைத்து வரும்போது நான் வரலாம் அல்லவா?"

"தாராளமாக வரலாம். மெத்தையில் ராணி, ஓரத்தில் மருத்துவச்சி. தொட்டிலில் படுத்துக்கொண்டு வருகிறீர்களா? ஆனால் அதில் அப்போது ஆள் இருக்கும். வேண்டுமானால் குதிரையில் பின்னாலேயே வாருங்கள். தூசி கொஞ்சம் கண்ணில் விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். "வழியெல்லாம் என் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டு வரலாம் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா?" என்றார். ராணி கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆசைக்கு இதில் இடம் இல்லை, மகாராஜா" என்றான் குழைக்காதன். இந்த முறை அவன் விளையாடவில்லை.

ராஜா நிமிர்ந்தார். "நாகப்பரே, இன்றைக்கே தச்சர்களைக் கூப்பிடும். நான், ராணி, பிள்ளை மூன்று பேரும் காலை நீட்டி உட்காருகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும். பிள்ளை பிறப்பதற்குள் தயாராகவேண்டும். எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி. சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும்."

நாகப்பர் ஈயாடாத முகத்தோடு தலையாட்டினார். ராஜா கடகடவென்று சிரித்துக் குழைக்காதனின் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன் நீ. ராணியைத் தேன்மலையில் விட்டு வந்ததும் மின்னல் உனக்குத்தான். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போ."

குழைக்காதன் இரண்டடி பின்னால் நகர்ந்து பெரிய கும்பிடாகப் போட்டான்.

"அதை நாகப்பருக்கே கொடுத்துவிடுங்கள், மகாராஜா. என் வீட்டுக்காரிக்கும் இது ஆறாவது மாதம்."