நாலாவது வண்டியின் குற்றம்

முதல் குற்றம் ஆலையுடையது. சங்கம் சேர்த்தார் என்று செங்கோடனை வெளியே நிறுத்தியது. இரண்டாவது அண்ணனுடையது. வேலை போனவனுக்கு எதற்குக் கல்யாணம் என்று, பேசி முடித்த பெண் வீட்டாரைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது சங்கத்துடையது. அவர் எழுதிய துண்டறிக்கையில் தலைவர் பெயரை அச்சடித்தது. நான்காவது போலீஸ்காரரின் தடியுடையது. அது இன்னும் அவர் இடது முழங்காலில் இருந்தது. ஐந்தாவது மாரப்பனுடையது. ஒரே வாளிப் பசையில் சுவரொட்டி ஒட்டிய மாரப்பன், செங்கோடன் உண்ணாவிரதமிருந்த பதினோராம் நாள், முதலாளியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் பேச்சில்லை.

இந்த ஐந்தையும் வரிசை மாற்றாமல் சொல்வார். நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குவார். கேட்பதற்கு இப்போது மீதியிருந்தவள் கோகிலவாணி ஒருத்திதான். ஓட்டுநர் பள்ளியில் அவருக்குக் கார் கற்றுக்கொடுத்தவள். அவரைவிட முப்பது வயது இளையவள். அவர் அவளைக் குருவே என்றுதான் அழைப்பார். உரிமம் வந்து ஐந்து மாதமாகியும் தினமும் காலையில் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் கேட்டார்.

"குருவே, முழங்கால் பஸ் ஏற விடமாட்டேங்குது. தினமும் ஓட்ட ஒரு சின்னக் கார் வேணும். எதை வாங்கட்டும்?"

"எதையெல்லாம் பார்த்தீங்க தோழர்?"

"நாலு பார்த்தேன். ஒண்ணு, சங்கம் வெச்சவங்களை வீட்டுக்கு அனுப்பின கம்பெனி. ரெண்டாவது, அதுக்கு விளக்கு செய்யற பட்டறையில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லை. மூணாவது, ஷோரூமே குளத்துப் புறம்போக்குல நிக்குது."

"நாலாவது?"

செங்கோடன் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"விளம்பரம் பிடிக்கலை."

"என்ன போட்டிருந்தாங்க?"

"அஞ்சு பேர் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க."

அவள் சிரிக்கவில்லை. "வாங்க, அதையே ஓட்டிப் பார்க்கலாம்" என்றாள்.

ஷோரூமில் வெள்ளோட்டத்துக்கு வண்டி கொடுத்தார்கள். எப்போதும் அவர் பக்கத்தில் உட்காருகிறவள் அன்று பின்சீட்டில் ஏறினாள்.

"எங்கே போகணும் குருவே?"

"தினமும் ஓட்டத்தானே கார்? தினமும் பேச்சுல போற இடத்துக்குப் போங்க."

ஆலைக்குப் போனார். ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது. காவலாளி, வண்டியை நிறுத்தாதே என்று கையாட்டினான். சங்க அலுவலகத்துக்குப் போனார். பூட்டு துருப்பிடித்திருந்தது. நாற்சந்தியில் பச்சை விழுந்தது. இடப்பக்க விளக்கைப் போட்டார். அணைத்தார். வலப்பக்கம் போட்டார்.

"பெரியவரே! மாப்பிள்ளை வீடா, மச்சான் வீடா? முடிவு பண்ணிட்டு வண்டி எடுங்க!" என்று பின்னால் லாரிக்காரன் கத்தினான்.

வலப்பக்கம் திரும்பினார். மூன்றாவது சந்தில் ஒரு நீலக் கதவு வந்தது. பனியன் போட்ட கிழவர் ஒருவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வண்டி மெதுவாகியது. கிழவர் நிமிர்ந்து கண்ணைச் சுருக்கினார். ஏற்றியிருந்த கண்ணாடிக்குள் யாரென்று தெரியவில்லை போலும், மறுபடி கீரைக்குக் குனிந்தார்.

"யாருங்க அது?"

"அஞ்சாவது."

சந்து முடிந்ததும் கோகிலவாணி கேட்டாள்.

"அந்தப் பதினோராம் நாள் நீங்க எத்தனை கிலோ இருந்தீங்க தோழர்?"

"முப்பத்தெட்டு."

"அவர் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா?"

"பன்னெண்டாம் நாளும் இருந்திருப்பேன்."

"இருந்திருப்பீங்களா?"

செங்கோடன் கியரை மாற்றினார்.

ஷோரூமுக்குத் திரும்பியதும், "இதையே எடுத்துக்கறேன்" என்றார். காப்பீட்டுப் படிவத்தை நிரப்பினார். மேசையிலிருந்த பெண் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சேரணும்? அந்தப் பேரை எழுதலையே சார்."

"யாரும் இல்லை."

"பேர் இல்லாம காப்பீடு போட முடியாதுங்க. வண்டி வாசலைத் தாண்டாது."

அவர் கோகிலவாணியைப் பார்த்தார்.

"குருவே, உங்க பேரைப் போட்டுடறேன்."

"உங்களுக்குப் பாடம் முடிஞ்சு அஞ்சு மாசமாச்சுங்க தோழர். நாளைக்கு அந்தச் சீட்டுல வேற ஆளு."

"அப்ப எந்தப் பேரை எழுத?"

"வரிசை மாறாம தினமும் சொல்றீங்களே. எந்தப் பேருகிட்ட வந்தா உங்க குரல் உடையுது?"

வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தார். பிறகு எழுதினார். அந்தப் பெண் படிவத்தை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. சங்கத்தில் அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. தீர்மானத்தை எழுதினால் போதாது. எழுந்து நின்று, இரண்டு சாட்சிகள் காதில் விழும்படி வாசிக்க வேண்டும். வாசிக்காதது நிறைவேறாது.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காகிதத்தைக் கைநீள தூரத்தில் பிடித்தார். இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆலை வாசல் கூட்டத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தார்:

"கு. மாரப்பன்."