கடைசிச் செங்கல்

வெகு காலத்துக்கு முன்னால், ஒரே ஓர் ஏரியை நம்பி ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு ராஜா. ராஜாவிடம் சாத்தையன் என்று ஒரு கட்டடக்காரன்.

அந்நாளில் கட்டடக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செங்கலுக்கு மண் வெட்டிய குழியை மூடிய பிறகுதான் கடைசிச் செங்கலை வைக்க வேண்டும். அதுவரை வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது.

ஆவணிக்குள் அரண்மனை வேண்டும் என்றார் ராஜா. சாத்தையனுக்கும் பெயர் வாங்கும் அவசரம். சூளைக்குப் பக்கமாக இருக்கிறதே என்று ஏரிக்கரையின் அடிமண்ணையே வெட்டினான். முதல் மாடிக்கு வெட்டினான், இரண்டாம் மாடிக்கு வெட்டினான், மூன்றாம் மாடிக்கும் வெட்டினான். குழியை அப்புறம் மூடிக்கொள்ளலாம் என்று கடைசிச் செங்கலையும் வைத்துவிட்டான். மேளம் கொட்டினார்கள், மாலை போட்டார்கள். குழி அப்படியே கிடந்தது.

ஐப்பசி மழையில் கரை உடைந்தது, அவன் வெட்டிய அதே இடத்தில். ஏரி வடிந்தது. கோடையில் கிணறுகளும் வற்றின. முதலில் குயவர்கள் போனார்கள், பிறகு நெசவாளர்கள், கடைசியில் ராஜாவே ஆற்றோரமாக வேறு ஊர் தேடிப் போனார். சாத்தையனின் மனைவி பூவாயி வண்டியில் ஏறுமுன் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அரமனை கட்டுனீங்க. குடிக்கத் தண்ணிக்கு என்ன கட்டுனீங்க?"

அவன் வண்டியில் ஏறவில்லை. மாடியேறிக் கடைசிச் செங்கலைப் பெயர்த்து வந்து குடிசையில் வைத்தான். ஏரிக்குள் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டு, தன்னந்தனியாகக் கூடை கூடையாக மண் சுமந்து கரையை அடைத்தான்.

முதல் வருஷ மழை எல்லாவற்றையும் கரைத்தது. இரண்டாம் வருஷம் பாதி நின்றது. பேச ஆளில்லாமல் அந்தச் செங்கலோடு பேசினான். இடையில் ராஜாவின் ஆள் பல்லக்கோடு வந்து, புது அரண்மனை கட்டக் கூப்பிட்டான்.

"இந்த வேலையே இன்னும் முடியலைன்னு சொல்லுங்க" என்றான் சாத்தையன்.

மூன்றாம் வருஷம் கரை நின்றது. ஏரி நிரம்பியது. சாத்தையன் மாடியேறிச் செங்கலை அதன் இடத்தில் வைத்தான். மேளம் இல்லை, மாலை இல்லை. பூவாயியிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. அவள் போன வண்டிப் பாதையைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பாதையில் யாரும் வரவில்லை.

ஆகவே கேளுங்கள்: மண் எடுத்த இடத்தைச் சீர் செய்யும் வரை எந்தக் கட்டடமும் கட்டி முடிந்ததாகாது.