வால் முளைத்த குளத்துப் பூச்சி

விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில், நுண்ணோக்கிகளே கூடி நடத்திய ஒரு சங்கம் இருந்தது. அதில் புதிதாகச் சேர்ந்த சின்ன நுண்ணோக்கிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை யாரும் காணாத ஒரு பூச்சியைக் குளத்துத் துளியில் பார்த்து, 'ஒற்றைக் கண் உண்டு, வால் இல்லை' என்று கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தது. கட்டுரை தேறினால் சங்கத்து மேஜையில் இடம். தேறாவிட்டால் பொம்மைக் கடை ஜன்னலில் நிற்க வேண்டியதுதான்.

கட்டுரையைச் சோதிப்பவர் பெயரை வெளியே விடக் கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். செயலாளர் மைக்கூடும் மூச்சு விடவில்லை. ஆனால் திரும்பி வந்த தாளில் வரிக்கு வரி 'க்கும்' என்று ஒரு கனைப்பு இருந்ததால், சோதித்தது பேச்சுக்குப் பேச்சு கனைக்கும் மூத்த நுண்ணோக்கி, பித்தளைப் பெரியவர்தான் என்று மேஜை விளக்குக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

க்கும், பூச்சிக்கு அருமையான வால் இருக்கிறதாம். க்கும், அதைக்கூடப் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு மேஜை எதற்காம்.

சின்னது தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தது. பேசாமல் ஒரு வாலை வரைந்து சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தது. மனசு ஒப்பவில்லை. துளியை ஏந்திக்கொண்டு பெரியவரிடமே போய் நின்றது.

பெரியவர் குனிந்து பார்த்தார். "இதோ வால். எவ்வளவு அழகாக வளைந்திருக்கிறது பார், தம்பி."

"பூச்சி எந்தப் பக்கம் நீந்துகிறது, ஐயா?"

"இடப்பக்கம். வால் மட்டும் அங்கேயே நிற்கிறது. சோம்பேறி வால்."

சின்னது துளியை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியை வைத்தது. "இப்போது?"

பெரியவர் வெகுநேரம் பார்த்தார். "பூச்சியைக் காணோம்," என்றார். "வால் இருக்கிறது."

மைக்கூடு சிரித்த சிரிப்பில் மேஜை விரிப்பு நனைந்தது. பெரியவரின் கண்ணில் ஒட்டியிருந்தது சங்கத்துப் பூனையின் முடி. இத்தனை வருடமாக அவர் பார்த்த ஈ, உப்புக்கல், ரொட்டித் துணுக்கு எல்லாவற்றுக்கும் வால் இருந்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

பெரியவர் கோபப்படவில்லை. "வெறும் கண்ணாடியை நீ பார்த்ததுண்டா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சின்னது அலட்சியமாகக் குனிந்தது. அங்கே ஒற்றைக் கண் ஒன்று அதை முறைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றது ஈனசுரத்தில், "கண்ணும் இருக்கிறது."

மைக்கூட்டின் சிரிப்பு சட்டென்று நின்றது. கட்டுரை எழுதிய அன்றே சின்னதின் கண்ணில் தெறித்து ஒட்டிய மைப்பொட்டு அதனுடையது.

இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் துடைத்துவிட்டார்கள். கட்டுரையிலிருந்து கண்ணை எடுத்தது சின்னது. குறிப்பிலிருந்து வாலை எடுத்த பெரியவர், 'தேறியது' என்று எழுதி, வழக்கத்தை மீறித் தன் பெயரையே கீழே போட்டார்.

துளிக்குள்ளிருந்து பூச்சி எட்டிப் பார்த்தது. "அப்பாடா," என்றது. "இப்போதுதான் என் ஜாடை வந்திருக்கிறது."