கோட்டான் போட்ட கோடு

பன்னாங்குளம் காட்டில் ஒரு நரி இருந்தது. அதன் பெயர் மாசிலாமணி. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காட்டுக்கு ஓர் ஊராட்சி உண்டு. அதில் ஐந்து வார்டுகள். ஒன்றாம் வார்டு நரிகளுக்கு, இரண்டாவது பன்றிகளுக்கு, மூன்றாவது மயில்களுக்கு, நான்காவது முயல்களுக்கு, ஐந்தாவது கீரிகளுக்கு. அவரவர் குடியிருந்த இடத்தை ஒட்டி எந்தக் காலத்திலோ பிரித்தது. வார்டுக்கு ஓர் உறுப்பினர். ஐந்து உறுப்பினர்களில் மூன்று பேர் காலைத் தூக்கினால் எதுவும் தீர்மானமாகிவிடும்.

முயல்களின் உறுப்பினர் பெயர் செம்பி. வாய் ஓயாமல் பேசுகிற முயல். அவள் பேசுவதெல்லாம் ஒரே ஒரு பாதையைப் பற்றித்தான்.

முயல்கள் வாழும் புதரிலிருந்து ஓடைக்கு அந்தப் பாதை போனது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. யார் வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும். அதை விட்டால் ஓடைக்குப் போக இன்னொரு வழிதான் இருந்தது. அது நரிகள் குடியிருக்கும் காரைப்புதருக்குள் புகுந்து போகிற வழி.

போன வருடம் பராமரிப்பு வேலை என்று சொல்லிப் பாதையை ஒரு மாதம் மூடிவைத்தார்கள். தண்ணீர் குடிக்கக் காரைப்புதர் வழியாகப் போன செம்பியின் இரண்டு குட்டிகள் திரும்பி வரவில்லை. அந்த மாதம் நரிகள் எல்லாம் கொஞ்சம் சதை போட்டிருந்தன. இதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் ருசி கண்டுவிட்ட மாசிலாமணி, அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. "பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி ஓடைப் பாதையை நிரந்தரமாக மூட வேண்டும்" என்று வாசித்தது. பன்றி உடனே காலைத் தூக்கியது. பாதையை மூடினால் அந்த நிலத்தில் கோரைக்கிழங்கு தோண்டிக்கொள்ளலாம் என்று நரி அதற்குச் சொல்லி வைத்திருந்தது. மயிலும் கீரியும் செம்பியும் காலைத் தூக்கவில்லை. தீர்மானம் தோற்றது.

அன்றிலிருந்து மாசிலாமணிக்கு ஒரே யோசனை. முயல்களை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, முயல்களின் வார்டை ஏதாவது செய்தால் போதும்.

நல்ல நேரம் அதற்கு மேலிடத்திலிருந்தே வந்தது. 'விலங்குகளின் தொகை மாறியிருப்பதால் வார்டு எல்லைகளைத் திருத்தி வரைக' என்று ஓர் உத்தரவு. வரைவதற்கு எல்லை அலுவலராக ஒரு கோட்டான் வந்து சேர்ந்தது.

அலுவலக நேரம் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை. கோட்டானுக்கோ பகலில் கண் தெரியாது. இதை மேலிடத்தில் யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. கோட்டானும் நினைக்கவில்லை.

மாசிலாமணி முதல் நாளே போய் நின்றது. "ஐயா, வெயில்ல கண்ணு கூசும். நான் கூடவே இருக்கேன். நீங்க காலை மட்டும் தரையில வையுங்க, கோடு தானா வரும்."

"பொறுப்பான பிள்ளை" என்றது கோட்டான்.

அது சித்திரை மாதம். நரி கோட்டானின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே காடு முழுக்கப் போனது. கோடு முயல் புதருக்கு நேராக வந்தது. அங்கே புதர் மூன்று துண்டானது. ஒரு துண்டு நரிகளோடு போனது, ஒரு துண்டு பன்றிகளோடு, ஒரு துண்டு மயில்களோடு. செம்பி தூங்குகிற இடம் இரண்டாம் வார்டு, புல் தின்கிற இடம் மூன்றாம் வார்டு என்று ஆயிற்று. அறுபது முயல்களும் மூன்று இடத்தில் இருபது இருபதாகச் சிதறின. இனி எந்த வார்டிலும் ஒரு முயல் ஜெயிக்க வழியில்லை.

"நாலாம் வார்டு எங்கே?" என்று கேட்டது கோட்டான். கண் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும் அதற்கு.

"குளத்துக்குள்ளங்கய்யா."

"குளத்துக்குள்ள யார் இருக்கா?"

"ரெண்டு வருசமா மழையே இல்லீங்க. குளம் வெடிச்சுக் கிடக்கு. கரையில என் குடும்பம் பதினோரு பேர், போன வாரம்தான் குடிவந்தோம்."

"பதினோரு பேருக்கு ஒரு வார்டா? எல்லா வார்டும் ஒரே அளவுல இருக்கணும்னு உத்தரவாச்சே."

"அளவுதானங்கய்யா? நடந்து அளந்து பாருங்க. மத்த வார்டைவிட இது கொஞ்சம் பெரிசாவே இருக்கும்."

கோட்டான் குளத்துக்குள் இறங்கி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தது. 'அளவு சரி' என்று எழுதிக்கொண்டது.

மாசிலாமணி இன்னும் இரண்டு விதிகளை எழுதச் சொன்னது. ஓட்டுப்போடும் நாளில் எல்லைக்குள் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாரும் அந்த வார்டின் வாக்காளர்கள். பக்கத்துக் காட்டிலிருந்து உறவுக்கார நரிகளை அன்றைக்கு வரவழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் திட்டம். இரண்டாவது, ஒருமுறை போட்ட கோட்டைப் பத்து வருடத்துக்கு யாரும் தொடக் கூடாது. இது முயல்களுக்காக.

கோடு போட்ட விவரத்தை ஒரு பனைமரத்தின் உச்சியில் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் ஏழு நாளில் சொல்லலாம் என்றும் அதில் இருந்தது. பறந்து போன மயில் தற்செயலாகப் பார்த்துச் சொல்லப் போய்த்தான் செம்பிக்கே தெரியும். ஏழாம் நாள் அவள் மூச்சிரைக்க ஓடிவந்து கோட்டான் முன்னால் நின்றாள்.

"ஐயா, எங்க நாலாம் வார்டைக் காணோம்."

"இருக்கே. குளத்துல இருக்கு."

"அது எங்க வார்டு இல்லீங்களே. எங்களை மூணாப் பிரிச்சுட்டீங்க."

"அப்படின்னா நீ நாலாம் வார்டு இல்ல. நாலாம் வார்டைப் பத்தி நாலாம் வார்டுக்காரங்கதான் ஆட்சேபணை சொல்லணும். அவங்களைக் கேட்டாச்சு. பதினோரு பேரும் ரொம்பத் திருப்தின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"நீங்களே ஒருதடவை நேர்ல வந்து பாருங்கய்யா. பொழுது சாஞ்சப்புறம் வந்தா உங்களுக்கும் நல்லாத் தெரியும்."

"அஞ்சு மணிக்கு மேல அலுவலகம் கிடையாது" என்றது கோட்டான்.

செம்பிக்கு அழுகை வந்தது. அழுது என்ன செய்ய? 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை' என்று எழுதிக் கோட்டான் கையெழுத்துப் போட்டது.

தேர்தல் வைகாசியில் நடந்திருக்க வேண்டும். மாசிலாமணிதான் அதை ஐப்பசிக்குத் தள்ளிவைக்கச் சொன்னது. காரணம், அதன் மகள் கல்யாணம் ஐப்பசியில். கல்யாணத்துக்கு எப்படியும் உறவெல்லாம் வந்து சேரும், அதே நாளில் ஓட்டையும் போட்டுவிட்டால் தனியாக அழைக்க வேண்டியதில்லை. நரிகள் வீட்டுக் கல்யாணம் வெயிலும் மழையும் சேர்ந்து வருகிற நாளில்தான் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது அவர்கள் குல வழக்கம். அதனால் அப்படி ஒரு நாள் எப்போது வருகிறதோ அன்றைக்குத்தான் தேர்தல் என்று முடிவாயிற்று.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் மழை கொட்டித் தீர்த்தது. குளம் கரையைத் தொட்டது. நான்காம் நாள் காலை, வெயில் அடிக்க அடிக்கத் தூறல் விழுந்தது. கல்யாணத்துக்குக் கச்சிதமான நாள். உறவுக்கார நரிகள் அறுபது பேர் வந்து கரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேளம் கொட்டியது. மாசிலாமணிக்கு வாயெல்லாம் பல்.

மேளத்தை மீறி இன்னொரு சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு குளம் முழுக்க. தண்ணீரிலிருந்து தவளைகள் ஏறி வந்துகொண்டே இருந்தன. கோட்டான் முன்னால் வரிசையில் வந்து நின்றன. வரிசை மறுகரைக்குப் போய்த் திரும்பியது.

"யாரு நீங்க எல்லாம்?" என்றது மாசிலாமணி.

"நாலாம் வார்டு" என்றது முன்னால் நின்ற தவளை. அதன் பெயர் மழையாண்டி.

"எப்ப குடிவந்தீங்க?"

"நாங்க எங்க போனோம், புதுசா வர்றதுக்கு? மழை இல்லைன்னு மண்ணுக்குள்ள தூங்கிட்டிருந்தோம். நீங்க கோடு போட்டப்ப என் தலைமேலதான் நின்னீங்க. ஐயா நடந்து அளந்தாரே, அது முதுகுல நல்லா உறைச்சுது."

மாசிலாமணி முகத்தில் ஈயாடவில்லை. கோட்டானிடம் ஓடியது. "ஐயா, இவங்க கணக்குலயே இல்ல. கோட்டை மாத்துங்க."

"பத்து வருசத்துக்குத் தொட முடியாது. நீதானே எழுதச் சொன்னே."

"ஓட்டையாவது நிறுத்துங்க."

"இன்னிக்கு எல்லைக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் வாக்காளர். அதையும் நீதான் சொன்னே."

பத்து மணிவரை யாரும் போட்டியிடப் பெயர் கொடுக்கலாம். மழையாண்டி பத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்தது. ஆயிரத்து எழுநூறு தவளைகள் ஓட்டுப் போட்டன. நாலாம் வார்டில் நின்ற மாசிலாமணிக்கு எழுபத்தொரு ஓட்டு. மகளுக்குக் கல்யாணம் நடந்தது, பந்தியில் அப்பா மட்டும் உட்காரவில்லை.

ஒன்றாம் வார்டில் மாசிலாமணியின் மச்சான் ஜெயித்திருந்தது. மற்ற மூன்றில் பன்றியும் மயிலும் கீரியும் பழையபடி வந்தன. முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் செம்பி குளக்கரைக்கு வந்தாள். மழையாண்டி ஓர் ஆம்பல் இலைமேல் சாய்ந்திருந்தது. பதவி வந்து நாலு நாள்தான், அதற்குள் தொந்தி விழுந்திருந்தது.

"தம்பி, நாளைக்குப் பாதையை மூடுற தீர்மானம் வருது. உன் ஒரு காலை நம்பித்தான் நாங்க அறுபது பேரும் இருக்கோம். ரெண்டு பிள்ளைங்களை ஏற்கனவே கொடுத்துட்டேன்."

"கவலைப்படாதீங்க அக்கா. பாதையை மூடினா நீங்க எல்லாரும் தண்ணிக்கு எங்க குளத்துக்குத்தான் வருவீங்க. எங்க முட்டையெல்லாம் மிதிபடும். நான் மூட விடமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றியது மழையாண்டி. நரி மச்சானும் பன்றியும் தூக்கிய கால்களைக் கீழே போட்டார்கள். அன்று மாலை முயல் குட்டிகள் வெட்டவெளிப் பாதையில் ஓடைக்குத் துள்ளிக்கொண்டு போயின. செம்பி அதைக் கண்ணாரப் பார்த்தாள். மனசு நிறைந்துபோயிற்று அவளுக்கு.

நிறைந்த மனசோடு மறுநாள் மறுபடி குளக்கரைக்குப் போனாள்.

"தம்பி, பெரிய உதவி செஞ்சே. இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஊராட்சியில எங்களுக்கு ஒரு இடம் இருந்தது, அதை நரி பறிச்சுடுச்சு. இந்தக் கோடு கோணக்கோடு. இதை அழிச்சுப் பழையபடி போடச் சொல்லி நீதான் கேட்கணும். அஞ்சு பேர்ல மூணு பேர் கேட்டா மேலிடம் விதியைத் தளர்த்துமாம். மயிலும் கீரியும் சரின்னுட்டாங்க. உன் ஒருத்தன் பேச்சுதான் பாக்கி."

மழையாண்டி கண்ணை மெல்ல மூடித் திறந்தது. கரையைச் சுற்றி வளைந்து போகிற கோட்டை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தது.

"பழைய கோட்டுல தவளைக்கு இடமே இல்லையே அக்கா."

"உங்களுக்கும் சேர்த்து ஆறாவதா ஒண்ணு கேட்போம்."

"அதெல்லாம் எதுக்கு? வீண் அலைச்சல். உங்களுக்குப் பாதைதானே வேணும்? வருசா வருசம் தீர்மானம் வரும்போது வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்."

"ஒவ்வொரு வருசமும் வந்து உன்கிட்ட நிக்கணுமா?"

"நம்ம பழக்கத்துல இதென்ன அக்கா" என்றது மழையாண்டி. "அதுவும் போக, கோணல் கோணல்னு சொல்றீங்களே, எங்க இருக்கு கோணல்? நானும் நல்லா முழிச்சுத்தான் பார்க்கறேன்."

இதனால் தெரிவது என்னவென்றால், தனக்குப் பதவி தந்த கோடு எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும்.